பென்டிரைவில் போன 14 பாட்டு

அன்புள்ள ஐயா,

வணக்கம். தென்னாப்பிரிக்காவில் டர்பன் நகரத்துச் சாட்ஸ்வொர்த்திலிருந்து எழுதுகிறேன். எங்கள் பகுதிச் சமூக வானொலியை ஜோகன்னஸ்பர்க்கிலுள்ள ஒரு பெரிய கம்பெனி வாங்கிவிட்டது என்று கோயிலில் எல்லாரும் பேசிக்கொள்கிறார்கள். இனி முழுக்க இந்திப் படப்பாட்டும் அரட்டையும்தானாம். ஞாயிறு காலை வரும் இரண்டு மணி நேரத் தமிழ் நிகழ்ச்சியை எடுத்துவிடுவார்களாம். லோட்டஸ் வானொலியையும் தனியாருக்கு விற்கப்போவதாக வாட்ஸ்அப்பில் வந்தது. வாங்கியவர் யாரென்று உங்களுக்குத் தெரியுமா? இரண்டாயிரம் பேரிடம் கையெழுத்து வாங்கி அனுப்பினால் தடுக்க முடியுமா? முன்பிருந்தே அவர்கள் நம் பாட்டை மதிப்பதில்லை. எங்கள் பஜனைக் குழு பாடிய 14 பாட்டைப் புரட்டாசிக்கு முன்பே பென்டிரைவில் போட்டுக் கொடுத்தோம். ஒன்றுகூட ஒலிபரப்பவில்லை.

— ஒரு வாசகி

அன்புள்ள அம்மா,

நீங்கள் முக்கியம் என்று நினைத்துக் கேட்ட கேள்விகள் வேறு. கடைசியில் போகிறபோக்கில் ஒன்று சொல்லியிருக்கிறீர்களே, அந்த 14 பாட்டு, அதற்காகத்தான் இந்தப் பதில். வானொலியில் தமிழ் ஏன் குறைகிறது என்று சில காலமாகவே யோசித்துக்கொண்டிருந்தேன். விடை உங்கள் பென்டிரைவில் இருக்கிறது.

முதலில் வதந்திகளை ஒதுக்கிவிடுவோம். சமூக வானொலியை யாரும் வாங்க முடியாது. லாப நோக்கமில்லாத அமைப்புக்குத்தான் இந்த நாட்டில் அந்த உரிமம் கிடைக்கும். அதில் பங்கு இல்லை, பங்கு இல்லாததால் விற்பனையும் இல்லை. மாறக்கூடியது நிர்வாகக் குழு. நாலு பேர் கூடும் பொதுக்குழுவில் மூன்று பேர் கையைத் தூக்கினால் குழு மாறிவிடும். அல்லது பணமுடை வந்து, காலை நேரத்தை மொத்தமாக எவருக்காவது ஏர்டைம் ஆக விற்பார்கள். உங்கள் காதுக்கு ‘விற்றுவிட்டார்கள்’ என்று வந்து சேர்ந்தது அநேகமாக இப்படி ஏதோ ஒன்றாக இருக்கும். கடைசிப் பொதுக்குழு எப்போது நடந்தது? நீங்கள் உறுப்பினர் படிவம் நிரப்பியிருக்கிறீர்களா? இல்லையென்றால் கோயில் வாசலில் நின்று கோபப்பட்டு என்ன பயன்? கோபப்படத்தான் அந்தப் பொதுக்குழு.

வணிக வானொலி என்றால் கதை வேறு. அதற்குப் பங்கு உண்டு, கை மாறும். ஆனால் 2005ஆம் ஆண்டின் மின்னணுத் தொடர்புச் சட்டப்படி ஒலிபரப்பை ஒழுங்குபடுத்தும் அமைப்பான இக்காசாவின் எழுத்துபூர்வ முன் அனுமதி இல்லாமல் உரிமத்தை மாற்ற முடியாது. வெளிநாட்டார் 20 விழுக்காட்டுக்கு மேல் வைத்துக்கொள்ளவும் கூடாது. விண்ணப்பம் வந்தால் அரசிதழில் அறிவிப்பு வரும், கருத்துச் சொல்லக் கெடு கொடுப்பார்கள். லோட்டஸ் இந்த இரண்டு வகையிலும் சேராது. 1983இல் தொடங்கியதிலிருந்து நாட்டின் பொது ஒலிபரப்பு நிறுவனமான எஸ்.ஏ.பி.சி.யுடையது, சட்டப்படி அதன் பொதுச்சேவைப் பிரிவில் இருப்பது. எஸ்.ஏ.பி.சி. நிலையங்களை விற்றதே இல்லையா என்றால், விற்றது. 1996இல் ஈஸ்ட் கோஸ்ட், ஹைவெல்ட், ஜகரண்டா உள்பட ஆறு போயின. ஊரறிய நடந்த விற்பனை அது. வாட்ஸ்அப்பில் வந்ததை வாட்ஸ்அப்பிலேயே விட்டுவிடுங்கள்.

கையெழுத்தா? இரண்டாயிரம் கையெழுத்து ஒரே ஒரு வாசகத்தின் கீழேதான் நிற்கும். ‘உரிமத்தின் இந்த நிபந்தனையில் இத்தனை நேரம் தமிழ் என்று இருக்கிறது, இந்தத் தேதிகளில் அது வரவில்லை’ என்று எட்டு வாரம் கேட்டுக் குறித்த அட்டவணையோடு ஒருவர் எழுதினால் அது புகார். மற்றது மனக்குறை. இக்காசாவின் புகார்க் குழு முதலாவதைத்தான் விசாரிக்கும். நிலையத்தின் உரிம நிபந்தனைகளை எழுதிக் கேட்டு வாங்குங்கள். அதில் மொழியும் நேரமும் எப்படி எழுதப்பட்டிருக்கின்றன என்று வரி விடாமல் படியுங்கள். இதற்கு மேல் இதைப் பற்றிச் சொல்ல எதுவுமில்லை.

இப்போது பென்டிரைவுக்கு வருகிறேன்.

அதை வாங்கிய அறிவிப்பாளர் என்ன பார்த்திருப்பார் என்று சொல்லட்டுமா? ‘ஆடியோ 001’, ‘ஆடியோ 002’, ‘நியூ ரெக்கார்டிங் 7’. பாடியவர் பெயருக்கான இடம் வெற்று. மெட்டு யாருடையது, வரி யாருடையது, எதுவும் கிடையாது. திறந்தால் முதல் நாற்பது விநாடி சுருதிப்பெட்டி மட்டும். பிறகு ஆர்மோனியம். அதற்கும் பின்னால் எங்கோ தூரத்தில் நீங்கள் எல்லாரும். மேலே மின்விசிறி. அவர் உங்களை மதிக்கவில்லை என்கிறீர்கள். இதை ஒலிபரப்பியிருந்தால்தான் மதிக்கவில்லை என்று அர்த்தம்.

கோபித்துக்கொள்ளாதீர்கள். இதைப் பொறுமையாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. யாரும் சொல்லித் தருவதில்லை.

வானொலியில் பாட்டை எடுத்துப் போடுவது இன்று பெரும்பாலும் கணினிதான். பெரிய நிலையத்தில் விலை கொடுத்து வாங்கிய மென்பொருள், சின்ன நிலையத்தில் ரேடியோடிஜே போன்ற இலவச மென்பொருள். எதுவானாலும் அதற்குப் பாட்டு கேட்காது. பாட்டோடு எழுதிவைத்த விவரம்தான் தெரியும். அதற்குக் கொடுத்திருக்கும் முக்கியமான கட்டளை: ஒரே கலைஞரை இத்தனை நிமிடத்துக்குள் மறுபடி போடாதே. ஆங்கிலப் பாட்டுக்கு இது நல்ல விதி. நம் பாட்டை இது எப்படி நெரிக்கிறது, பாருங்கள்.

ஒரு நிலையத்தில் 96 தமிழ்ப் படப்பாட்டு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏற்றியவர் தமிழ் தெரியாத இளைஞர். உறையில் பெரிதாக இருக்கும் பெயரைக் கலைஞர் என்ற கட்டத்தில் அடிக்கிறார். ஆக 60 பாட்டுக்குக் கலைஞர் ‘இளையராஜா’. பாடியது ஜானகியா, யேசுதாஸா, மலேசியா வாசுதேவனா, கணினிக்கு அக்கறை இல்லை. இடைவெளி 90 நிமிடம் என்று வைத்திருந்தால், இரண்டு மணி நேர நிகழ்ச்சியில் அந்த 60இலிருந்து இரண்டு பாட்டுக்கு மேல் நுழையவே முடியாது. செய்தி, விளம்பரம், பேச்சு போக மணிக்கு 8 பாட்டு, மொத்தம் 16. மீதி 14 இடத்தையும் மற்ற 36 பாட்டுதான் நிரப்ப வேண்டும். அந்த 36உம் இரண்டரை வாரத்துக்கு ஒருமுறை திரும்பத் திரும்ப வரும். இந்த 60இல் ஒவ்வொன்றும் முறை வர 30 வாரம் காத்திருக்கும். ‘எப்பப் பாத்தாலும் அதே பாட்டு’ என்று கேட்கிறவர்கள் திட்டுவார்கள். மேலாளர் கணக்கைப் பார்த்து ‘தமிழுக்குக் கேட்பவர்கள் குறைகிறார்கள்’ என்பார். விதிக்குப் பொருந்தாமல் காலியாக நின்ற இடத்தில் கைக்கு எட்டிய இந்திப் பாட்டு வந்து உட்காரும். இதில் சதி எங்கே இருக்கிறது? ஒரு கட்டத்தில் தப்பான பெயர், அவ்வளவுதான்.

இதன் மறுபக்கமும் உண்டு. எஸ்.பி.பி. பெயரை நாலு விதமாக அடித்து வைத்திருப்பார்கள். கணினிக்கு அவர் நாலு ஆள். அடுத்தடுத்து அவரே வருவார். அறிவிப்பாளர் கையால்தானே தேடிப் போடுகிறார் என்பீர்கள். அவருக்கும் தேடுபெட்டிதான். ஓடும் பாட்டு முடிய இருபது விநாடி இருக்கும்போது ஒரு எழுத்துக்கூட்டலில் தேடி வரவில்லை என்றால் வேறு பாட்டுக்குப் போய்விடுவார்.

உங்கள் 14க்கும் கலைஞர் என்று ‘கோயில் பஜனைக் குழு’ என ஒரே பெயரைப் போட்டால் மேலே சொன்ன கதைதான். ஒவ்வொரு பாட்டிலும் முதலடி எடுப்பவர் யாரோ அவர் பெயரை முதலில் போடுங்கள், குழுவின் பெயரைப் பின்னால். நாலு பேர் மாறி மாறி எடுத்துப் பாடினால் நாலு கலைஞர். தலைப்பில் பாட்டின் முதலடி. மெட்டு அமைத்தவர், வரி எழுதியவர் தனித்தனிக் கட்டத்தில். குறிப்பில் ‘தேவாரம், முருகன், காவடி’ என்று மூன்று சொல். எழுத்துக்கூட்டலை ஒருமுறை முடிவு செய்து காகிதத்தில் எழுதி வையுங்கள், பிறகு அதை யாரும் மாற்றக் கூடாது, குழுத் தலைவர் உள்பட.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. உள்நாட்டு இசை ஒதுக்கீடு, அதாவது போடும் பாட்டில் இத்தனை பங்கு உள்நாட்டுப் பாட்டாக இருக்க வேண்டும் என்ற விதி. வணிக வானொலிக்கு 35 விழுக்காடு, சமூக வானொலிக்கும் பொதுச்சேவை வானொலிக்கும் அதைவிட நிறைய. சென்னையிலிருந்து வரும் படப்பாட்டு இதில் சேராது. 2016 மே மாதம் எஸ்.ஏ.பி.சி. தன் நிலையங்களில் 90 விழுக்காடு உள்நாட்டுப் பாட்டு என்று உத்தரவு போட்டபோது லோட்டஸ் கேட்பவர்கள் கொதித்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். உத்தரவு மறு ஆண்டு போய்விட்டது. அன்று எல்லாரும் உத்தரவைத் திட்டினோம், சரி. நம் பக்கம் போடுவதற்குத் தரமான பதிவு எத்தனை இருந்தது என்று எத்தனை பேர் கேட்டோம்?

சட்டம் நாலு விஷயம் சொல்கிறது: வரி எழுதியவர் தென்னாப்பிரிக்கக் குடிமகன்; மெட்டுப் போட்டவர் குடிமகன்; முக்கியமாகப் பாடியவர் அல்லது வாசித்தவர் குடிமகன்; நேரடி நிகழ்ச்சியாக இருந்து முழுக்க இந்த மண்ணிலேயே பதிவானது, அல்லது முழுக்க இங்கேயே நிகழ்த்தி நேரலையாக ஒலிபரப்பானது. நாலில் இரண்டு இருந்தால் அது உள்நாட்டு இசை. இப்போது உங்கள் தேவாரத்தை இதில் வைத்துப் பார்க்கலாம். அப்பருக்குத் தென்னாப்பிரிக்கக் குடியுரிமை கிடையாது. பழைய பண்ணில் அப்படியே பாடினால் மெட்டுக்கும் மதிப்பெண் இல்லை. பாடுவது நீங்கள், ஒன்று. போதாது. அதே பதிகத்துக்கு உங்கள் ஆர்மோனியக்காரர் சொந்தமாக மெட்டுப் போட்டிருந்தால் இரண்டு. ஏறிவிட்டது! கரோக்கியில் பாடிய படப்பாட்டுக்கு ஒன்றுதான், அதைக் கொடுத்து அலையாதீர்கள். காவடியன்று கோயிலிலிருந்தே நேரலை என்றால், பாடுபவர் ஒன்று, நேரலை ஒன்று, பழைய பண்ணானாலும் சேரும்.

பண்ணை மாற்றுவதா என்று உங்கள் குழுவில் ஒரு பெரியவர் கேட்பார். மாற்ற வேண்டாம். சந்நிதியில் பண், வானொலிக்குப் புது மெட்டு. இரண்டும் இருக்கட்டும்.

ஒதுக்கீட்டை நிரப்பப் பாட்டுக் கிடைக்காமல் தவிக்கும் ஒரு நிலைய மேலாளருக்கு, இரண்டு மதிப்பெண்ணுக்கும் எழுத்துச் சான்றோடு வரும் தமிழ்ப் பாட்டு எத்தனை பெரிய உதவி தெரியுமா? எந்தக் குழு நிர்வாகத்துக்கு வந்தாலும் அதை எடுத்துவிடக் கை வராது. ஆகவே ஒவ்வொரு பாட்டோடும் ஒரு பக்கக் காகிதம்: வரி, மெட்டு, குரல் யார் யாருடையது, ஒலிபரப்பச் சம்மதம், பாடியவர்கள் கையெழுத்து. மெட்டுப் போட்டவர், படைப்பாளிகளுக்கு உரிமத்தொகை வசூலித்துத் தரும் சாம்ரோவில் பதிவு செய்யட்டும். ஒலிபரப்பானால் அவர் பங்கு அங்கிருந்துதான் வரும். ஒலிப்பதிவை அடையாளம் காட்டும், எழுத்தும் எண்ணும் கலந்து 12 இடம் கொண்ட ஐ.எஸ்.ஆர்.சி. குறியீட்டை ஒலிப்பதிவுத் துறை அமைப்பான ரிசாவிடம் கேட்டு வாங்கலாம்.

இனி ஒலி. நிலையத்திலிருந்து வெளியே போகும் வழியில் ஒரு கருவி மெல்லிய ஒலியைத் தூக்கி, உரத்ததை அமுக்கும். காரில் போகிறவருக்கும் கேட்க வேண்டுமே. நீங்கள் மூச்சு வாங்கும் இடைவெளியில் அது மின்விசிறியைத் தூக்கிக் காட்டும். அடுத்த அடி தொடங்கியதும் விசிறி அமுங்கும், மறுபடி எழும். கேட்க அலை அடிப்பது போல் இருக்கும். ஆகவே விசிறி, ஃபிரிஜ் எல்லாம் நிறுத்தித்தான் பதிவு. பெரிய மண்டபம் வேண்டாம், எதிரொலி வார்த்தையைத் தின்றுவிடும். சின்ன அறையில் சுவரோரம் கம்பளி கட்டி, பாடுபவரிடமிருந்து ஒரு முழத்தில் மைக், ஆர்மோனியம் ஆறேழு அடி தள்ளி, மைக்கின் பக்கவாட்டில். உச்ச அளவு மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கோப்பு 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட், வேவ் (WAV) வடிவம். வாட்ஸ்அப்பில் அனுப்பி இறக்கியதைக் கொடுக்கக் கூடாது. ஏற்கெனவே சுருக்கிய ஒலியை நிலையம் மறுபடி சுருக்கினால் ஜால்ரா தகரம் தட்டியதுபோல் ஆகிவிடும்.

சுருதி ஐந்து விநாடி போதும். முடிவிலும் முப்பது விநாடி தேயவிடாதீர்கள். ஒலி ஓர் அளவுக்குக் கீழே போய்ச் சில விநாடி அப்படியே நின்றால், நிலையம் செத்துவிட்டது என்று நினைத்துக் காவல் கருவி மாற்று ஒலியைத் தொடங்கிவிடும். உங்கள் மங்களம் முடிவதற்குள் விளம்பரம் வந்துவிடும்.

பாட்டு நாலரை நிமிடத்துக்குள் இருக்கட்டும். 14 வேண்டாம், முதலில் மூன்று. மூன்றை ஒருவர் உட்கார்ந்து கேட்பார்; 14ஐ மேசை இழுப்பறையில் போடுவார். காவடிக்கு ஆறு வாரம் முன்னால், அறிவிப்பாளரிடம் அல்ல, பாட்டுப் பட்டியலைப் பார்ப்பவரிடம் நேரில் கொடுத்து, கணினியில் ஏறியபின் ‘எந்த வகையில் சேர்த்தீர்கள்?’ என்று கேளுங்கள். பண்டிகை வகையில் மட்டும் போட்டுவிட்டால் ஆண்டுக்கு ஒருமுறைதான் வெளியே வரும். இரண்டு பாட்டாவது பொது வகையில் இருக்க வேண்டும்.

அந்த ஜோகன்னஸ்பர்க் கம்பெனி? பொதுக்குழுவில் எழுந்து, ஏர்டைம் ஒப்பந்தம் ஏதாவது போட்டிருக்கிறீர்களா, காட்டுங்கள் என்று கேளுங்கள்.

அதற்கு முன் எனக்கு ஒன்று எழுதுங்கள். அந்த 14இல் எதெதற்கு உங்கள் ஆர்மோனியக்காரர் சொந்த மெட்டுப் போட்டிருக்கிறார்?

அன்புடன்.