லேஸ் துண்டும் வெட்டுத்துணியும்: ஜேர்னல் செய்யிறவை கேட்டதுகளுக்கு பதில்

லேஸ், வெட்டுத்துணி, பேப்பர் எல்லாம் வைச்சுத் தைச்சு கையால செய்யிற கொப்பியைத்தான் ஜேர்னல் எண்டுறம். அதைப் பற்றி இந்தமுறை வந்த கேள்வியில முக்கால்வாசி நூல் பிரியுது, சாயம் ஏறுதில்ல எண்டதுதான். ரெண்டுக்கும் முதல் வேலை ஒண்டு, கையில இருக்கிறது பருத்தியா பொலியெஸ்டரா எண்டு பாருங்கோ. ஒரு நூலை உருவி ட்வீஸரால பிடிச்சுக் கொளுத்தினா பருத்தி கடதாசி எரிஞ்ச மணம் வந்து பொடிச் சாம்பலாகும், பொலியெஸ்டர் உருகி கட்டியா இறுகும்.

கேள்வி: அக்கா, கிண்ணியாவில எங்கட மாமி அபாயா தைக்கிறா, மிஞ்சுற கறுப்புத் துண்டு பை பையா கிடக்கு. எதுக்காவது உதவுமா?

பதில்: பொறாமையா கிடக்கு தங்கச்சி! அபாயா துணி கூடுதலா பொலியெஸ்டர், பூ செய்ய அதைவிட என்ன வேணும். 5, 4, 3 சென்ரிமீற்றர் அகலத்தில வட்டம் வெட்டுங்கோ, கொஞ்சம் கோணலா வெட்டினாத்தான் வடிவு. மெழுகுதிரி நெருப்புக்கு பக்கத்தால கொண்டு போங்கோ, உள்ளுக்க விடாதீங்கோ, சூட்டுக்கே விளிம்பு சுருண்டு மடங்கும், பிறகு நூலும் பிரியாது. ஃபேனை நிப்பாட்டிட்டு, ஒரு சட்டி தண்ணி பக்கத்தில வைச்சுக்கொண்டு செய்யுங்கோ, உருகினது விரல்ல பட்டா ஒட்டிக்கொண்டு சுடும். பெரிசைக் கீழ வைச்சு சின்னதை மேல அடுக்கி நடுவில ஒரு பட்டனை வைச்சு ரெண்டு மூண்டு தரம் ஊசி ஏத்தி இறக்கினா பூ ரெடி. வெள்ளைத் துணியெண்டா புகைக்கரி தெரியும், கறுப்பில அந்தக் கரைச்சல் இல்ல.

கேள்வி: வெள்ளை லேஸை தேயிலைச் சாயத்தில போட்டன், கழுவினதும் எல்லாம் போயிட்டுது.

பதில்: பொலியெஸ்டர் லேஸ். விட்டிடுங்கோ, பிடிக்காது. பருத்தி லேஸ் நல்லாப் பிடிக்கும், நைலோனும் பரவாயில்ல.

கேள்வி: திருகோணமலை உவர்மலையில இருக்கிறம். தேயிலைச் சாயம் போட்ட லேஸில குண்டூசி குத்தி எடுத்து வைச்சன், ஊசி இருந்த இடமெல்லாம் கறுப்புப் புள்ளி. ஏன்?

பதில்: ஊசி கறள் பிடிச்சிருக்கு. எங்கட ஊர்க் காத்தில உப்பும் ஈரமும் இருக்கு, இரும்பு தாங்காது. அதோட தேயிலையில இருக்கிற டனின் எண்ட துவர்ப்புச் சத்தும் இரும்பும் சேர்ந்தா கறுக்கும், அதாலதான் சாயத்தை இரும்புச் சட்டியில கொதிக்க வைக்கக் கூடாது எண்டுறது (வேணுமெண்டே சாம்பல் நிறம் எடுக்கிறவையும் இருக்கினம், அது வேற கதை). தைச்சு முடிஞ்ச கையோட குண்டூசியை எடுத்திடுங்கோ, இல்லாட்டி ஸ்டெயின்லெஸ் ஊசி பாவியுங்கோ. மலிவு ப்ரூச், ஊக்கு எல்லாத்துக்கும் இதே கதைதான். முடிஞ்சா சாயம் போடுற வேலையை கச்சான் எண்ட காய்ஞ்ச சூட்டுக் காத்து அடிக்கிற காலத்தில வைச்சுக்கொள்ளுங்கோ, மாரியில லேஸ் காயவே காயாது, பூஞ்சணமும் பிடிக்கும்.

கேள்வி: மெஷினில பேப்பரோட சேர்த்து லேஸ் அடிச்சா பக்கம் கிழியுது அக்கா. மூதூரில இருந்து கேக்கிறன்.

பதில்: தையல் சின்னனா விழுதுபோல. ஓட்டை கிட்டக்கிட்ட விழுந்தா முத்திரை கிழிக்கிற மாதிரி கிழியத்தான் செய்யும், 3, 3.5 மில்லிமீற்றருக்கு கூட்டுங்கோ. தொடக்கத்திலயும் முடிவிலயும் பின்னுக்கு முன்னுக்கு அடிக்க வேணாம், நூலை நீட்டா விட்டு பின்பக்கம் இழுத்து கையால முடிச்சுப் போடுங்கோ. 120 ஜிஎஸ்எம்முக்கு (ஒரு சதுர மீற்றர் பேப்பர் எத்தினை கிராம் எண்ட கணக்கு) குறைஞ்ச மெல்லிய பேப்பரெண்டா பின்னுக்கு ஒரு பருத்தித் துண்டு வைச்சு அடிக்கிறது நல்லம். இன்னொண்டு, பேப்பர் ஊசியை மழுக்கிப்போடும், அதுக்கெண்டு ஒரு ஊசியை ஒதுக்குங்கோ, அதே ஊசியால பிறகு சட்டை தைச்சா துணி இழுபடும். கொப்பியைக் கட்ட முதலே, தாள் தனித்தனியா இருக்கேக்க இந்த வேலையை முடியுங்கோ, பின்பக்கத் தையலை இன்னொரு தாள் ஒட்டி மறைக்கலாம், மூண்டு பக்கம் ஒட்டி மேல் பக்கத்தை விட்டா ஒரு பொக்கற்றும் கிடைக்கும்.

கேள்வி: பூ வைச்ச பிறகு கொப்பி மூட மாட்டுதே?

பதில்: எல்லாத்தையும் ஒரே இடத்தில வைச்சிருப்பீங்க. ஒரு பக்கத்தில மேல, அடுத்ததில கீழ எண்டு மாத்துங்கோ. அடுத்த கொப்பிக்கு முதுகை அகலமா விடுங்கோ.

கேள்வி: அம்மான்ர மருதமுனை கைத்தறிச் சாரி கிழிஞ்சுபோச்சு, வெட்ட மனமில்ல, வெட்டினா நூல் நூலா வருது.

பதில்: முந்தானையைத் தொடாமல் கிழிஞ்ச பக்கத்தில மட்டும் எடுங்கோ. நூல் வாறது நல்லதுக்குத்தான், விளிம்பில இருந்து 1 சென்ரிமீற்றர் உள்ளுக்க ஒரு வரி தையல் அடிச்சிட்டு, அதுக்கு வெளியால தையல் வரி போற பக்கமாவே ஓடுற நூலை ஒவ்வொண்டா உருவுங்கோ, குஞ்சம் வரும். தையலுக்கு அங்கால பிரியாது. அட்டையோரத்தில வைச்சுத் தைச்சா லேஸே தேவையில்ல.