சிரிப்புக்கு ஒரு பீரியட்

கேள்வி: ஒன்பதாவது படிக்கும் என் மகனுக்குப் பள்ளியில் 'கேலியும் இனவெறியும்' என்று ஒரு வகுப்பு எடுத்திருக்கிறார்கள். ஜோக் என்றால் சிரித்துவிட்டுப் போக வேண்டியதுதானே, அதற்கெல்லாமா பாடம்?
– வாசகர், திருப்பூர்

பதில்: ஆமாம், அதற்கும்தான்.

அமெரிக்காவின் 'தி சிம்ப்சன்ஸ்' கார்ட்டூன் தொடரில் 1990 முதல் அப்பு என்றொரு இந்தியக் கடைக்காரர் வருவார். குரல் கொடுத்தவர் ஹேங்க் அசாரியா என்ற வெள்ளைக்காரர். இந்தியர் பேசும் ஆங்கிலம் என்று அவர் இழுத்து இழுத்துப் பேசியதற்கு ஊரே சிரித்தது. அங்கே வளர்ந்த இந்தியப் பிள்ளைகள்தான் பள்ளியில் மாட்டிக்கொண்டார்கள். 'தேங்க் யூ, கம் அகெய்ன்' என்று அதே குரலில் அவர்களை நக்கலடித்தார்கள். தெலுங்குக் குடும்பத்தைச் சேர்ந்த காமெடியன் ஹரி கொண்டபோலு 2017-இல் இதைப் பற்றி ஓர் ஆவணப்படமே எடுத்தார். அவர் சிம்ப்சன்ஸ் ரசிகர், சிரிக்கத் தெரியாதவர் அல்ல.

2020-இல் அசாரியா அந்தப் பாத்திரத்தை விட்டு விலகினார். தன் மகன் படிக்கும் பள்ளியில் இந்திய மாணவர்களிடம் பேசியதைப் பிறகு ஒரு பேட்டியில் சொன்னார். அதில் 17 வயதுப் பையன் ஒருவன் அந்தத் தொடரைப் பார்த்ததே இல்லையாம். ஆனால் 'அப்பு' என்றால் என்ன அர்த்தம், தன் மக்களை அங்கே பலரும் எப்படிப் பார்க்கிறார்கள் என்று மட்டும் அவனுக்குத் தெரிந்திருந்தது. அசாரியா மன்னிப்பும் கேட்டார்.

சரி, உங்கள் ஊருக்கு வருவோம். பனியன் கம்பெனி வேலைக்கு வந்த பீகார், ஒடிசாக்காரர்களின் பிள்ளைகள் உங்கள் ஊர்ப் பள்ளிகளில் தமிழ் படிக்கிறார்கள். அவர்கள் காதுபடத்தான் 'வடக்கன்' ஜோக்கும் பான்பராக் மீமும் ஓடுகின்றன. வகுப்பில் அந்த மீமையே எடுத்துப் போட்டு, 'இதில் எதைப் பார்த்துச் சிரித்தாய்? அந்த ஆள் செய்த காரியத்தையா, அவர் நிறத்தையும் பேச்சையுமா?' என்று கேட்க வேண்டும். அப்புறம் அதே இடத்தில் ஒரு தமிழரை வைத்துப் பார்க்கச் சொல்ல வேண்டும். இந்திப் படங்களில் 'ஐயோ ஐயோ' என்று அலறும் 'மதராசி'யைப் பார்த்து நமக்கு வந்த கோபம் பொய்யில்லையே! பதிலை ஆசிரியர் சொல்லக் கூடாது. பிள்ளைகளே தங்களுக்குள் மோதிப் பார்த்துச் சொல்லட்டும்.

என் குறையெல்லாம், இந்த வகுப்பை ஒன்பதாவதில் ஆரம்பித்திருக்கிறார்களே என்பதுதான். செல்போன் ஐந்தாவதிலேயே கைக்கு வந்துவிடுகிறது.