காற்று ஒரு பக்கம், ரத்தம் ஒரு பக்கம்

மூச்சுத்திணறல் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு நெஞ்சக நோய் மருத்துவர்கள் பதில் தருகிறார்கள்.

கே: எங்கள் அப்புச்சிக்கு 74 வயது. வலது பக்க நிமோனியா என்று ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம். வலது பக்கம் சாய்ந்து படுத்தால் ஆக்சிமீட்டர் 88 காட்டுகிறது, இடது பக்கம் திருப்பினால் 93. நர்ஸம்மா இடது பக்கமாகவே படுக்க வைக்கிறார். மேலே இருக்கிற சளி நல்ல பக்கத்துக்கு இறங்கிவிடாதா? ஒரு நுரையீரல் நன்றாகத்தானே இருக்கிறது, அது ஏன் ஈடுகட்டவில்லை?
(வாசகி, கோபிசெட்டிபாளையம்)

ப: நர்ஸம்மா செய்வதுதான் சரி. உங்கள் இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குவோம், விஷயம் அதில்தான் இருக்கிறது.

ஓய்வாக இருக்கும்போது நிமிடத்துக்குச் சுமார் 4 லிட்டர் காற்று, நுரையீரலுக்குள் இருக்கும் குட்டிக் காற்றறைகளைச் சென்றடைகிறது. அதே நிமிடத்தில் இதயம் சுமார் 5 லிட்டர் ரத்தத்தை நுரையீரலுக்கு அனுப்புகிறது. இந்த இரண்டு அளவும் சரியாக இருந்தால் மட்டும் போதாது. காற்று போகிற அறைக்கே ரத்தமும் போயாக வேண்டும். காற்றெல்லாம் இடது பக்கம், ரத்தமெல்லாம் வலது பக்கம் என்று போனால், மொத்தக் கணக்கு அப்படியே இருக்கும், ஆளுக்கு மட்டும் உயிர் இருக்காது.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். உடம்பைச் சுற்றிவிட்டு நுரையீரலுக்குத் திரும்பும் ரத்தத்தில் ஆக்சிஜன் நிறைவு சுமார் 75 சதவீதம். அதில் பாதி நல்ல பக்கம் போய் 98 ஆகிறது. மீதிப் பாதி சளி அடைத்த பக்கம் போய் 75 ஆகவே வெளியே வருகிறது. இரண்டும் கலந்தால் சுமார் 86.5. இப்போது அப்புச்சி வேகவேகமாக மூச்சு வாங்குகிறார். நல்ல பக்கம் 98-லிருந்து 100 வரைதான் ஏறும். ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின் நிறைந்துவிட்டால் அதற்குமேல் கொள்ளாது. கலவை 87.5-ஐத் தாண்டாது. அடைத்த பக்கத்துக்கு ஆக்சிஜன் மாஸ்க் காற்றும் போய்ச் சேராததால்தான், மாஸ்க் போட்டும் சிலருக்கு எண் ஏறுவதில்லை. கரியமில வாயு அப்படியல்ல. நல்ல பக்கம் வேகமாக மூச்சு விட்டால் அதைக் கூடுதலாக வெளியேற்றி ஈடுகட்டிவிடும். ரத்தப் பரிசோதனையில் ஆக்சிஜன் குறைவாகவும் கரியமில வாயு சரியாகவும் இருப்பதைப் பார்த்துப் பலர் குழம்புவது இதனால்தான்.

ஆனால் உடம்பு சும்மா இருப்பதில்லை. கோபிப் பக்கம் தண்ணீர் கட்டத் தெரியாதவர்கள் உண்டா? தடப்பள்ளி வாய்க்காலில் தண்ணீர் விட்டதும், நாற்று நடாத வயலின் மடையை அடைத்து நட்ட வயலுக்குத் திருப்புவோம். நுரையீரலும் இதையேதான் செய்கிறது. எந்த அறையில் ஆக்சிஜன் குறைகிறதோ, அந்த அறைக்குப் போகும் குட்டி ரத்தக்குழாய் சில நிமிடங்களுக்குள் தானாகச் சுருங்கி, ரத்தத்தை வேறு பக்கம் தள்ளிவிடுகிறது. கை, கால், மூளையில் ஆக்சிஜன் குறைந்தால் ரத்தக்குழாய் விரியும். நுரையீரலில் மட்டும் நேர்மாறு. 1946-இல் ஸ்வீடனில் ஆய்லரும் லில்யெஸ்ட்ராண்டும் பூனைகளிடம் ஆராய்ந்து இதைத் தெளிவாக எழுதினார்கள். சிக்கல் என்னவென்றால், நிமோனியாவில் புண்பட்ட திசுவில் சுரக்கும் ரசாயனங்கள் இந்தச் சுருக்கத்தைத் தளர்த்திவிடும். மடை அடைபடாமல் பாதி திறந்தே கிடக்கும்.

அதனால்தான் படுக்கும் பக்கம் முக்கியமாகிறது. ரத்தமும் தண்ணீர் போலப் பள்ளத்தை நோக்கித்தான் போகும். இடது பக்கம் கீழே இருந்தால் நல்ல நுரையீரலுக்கு ரத்தம் கூடுதலாகப் போகிறது, அங்கே காற்றும் இருக்கிறது, எண் 93 ஆகிறது. முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணை, முழங்கால்களுக்கு நடுவே ஒன்று வையுங்கள். திருப்பிய உடனே எண்ணைப் பார்க்காமல் 10, 15 நிமிடம் விட்டுப் பாருங்கள். விரல் சூடாக இருக்க வேண்டும், நகப்பூச்சு கூடாது. படுக்கைப் புண் வராமலிருக்க 2 மணி நேரத்துக்கு ஒருமுறை நிலை மாற்றுவார்கள். வலது பக்கம் தாங்காவிட்டால் தலைப்பக்கத்தை உயர்த்தி மல்லாக்கப் படுக்க வைக்கலாம்.

சளி இறங்கும் பயத்திலும் நியாயம் இருக்கிறது. சாதாரண நிமோனியாவில், பாதித்த பக்கம் மேலே இருந்தால் சளி மூச்சுக்குழாய்க்கு வந்து இருமலில் வெளியேறும். நுரையீரலுக்குள் சீழ்க்கட்டி இருந்தாலோ இருமலில் ரத்தம் வந்தாலோ முறை தலைகீழ், பாதித்த பக்கம்தான் கீழே இருக்க வேண்டும். குழந்தைகளுக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது. எனவே மருத்துவரைக் கேட்காமல் வீட்டில் இதைச் செய்ய வேண்டாம்.

கே: என் அப்பாவுக்கு சி.ஓ.பி.டி. (நாள்பட்ட மூச்சுக்குழாய் அடைப்பு நோய்). வீட்டில் ஆக்சிஜன் தரும் கான்சன்ட்ரேட்டர் கருவி இருக்கிறது. எண் 89 காட்டியதால் 1 லிட்டரை 4 ஆக்கினேன். 98 வந்தது. ஆனால் அவர் பேச்சு குழறித் தூங்கி வழிகிறார்.
(வாசகர், திருப்பூர்)

ப: இதைப் படிக்கும் எல்லோரும் கவனிக்க வேண்டும். சி.ஓ.பி.டி. உள்ளவர்களில் கரியமில வாயு தேங்கக்கூடியவர்களுக்கு நாம் குறிவைக்கும் எண் 88 முதல் 92 வரைதான். அப்பாவுக்கு 89 போதுமானது. பல வருடமாக அவருடைய நுரையீரல், கெட்ட இடங்களின் மடையை அடைத்துச் சமாளித்து வந்தது. ஆக்சிஜனை அள்ளிக் கொடுத்ததும் அந்த இடங்களில் ஆக்சிஜன் ஏற, சுருங்கிய குழாய்கள் விரிந்தன. காற்றோட்டமில்லாத இடத்துக்கு ரத்தம் திரும்பியது. அங்கே கரியமில வாயுவை வெளியேற்ற வழியில்லை. ஆக்சிஜன் நிறைந்த ஹீமோகுளோபினும் தன்னிடமிருந்த கரியமில வாயுவை உதிர்த்துவிடும். மூச்சு விடும் உந்துதல் குறைவதுதான் காரணம் என்று பலரும் சொல்கிறார்கள், அதன் பங்கு சிறியதுதான்.

காலைத் தலைவலி, குழப்பம், தூக்கம், நீட்டிய கை பறவைச் சிறகு போல் உதறுவது ஆகியவை அடையாளங்கள். ஆக்சிஜனை ஒரேயடியாக நிறுத்திவிடாதீர்கள், எண் படுவேகமாகச் சரிந்துவிடும். மருத்துவர் எழுதிய அளவுக்கே இறக்கிவிட்டு 108-ஐ அழையுங்கள்.

கே: நூல் மில்லில், பஞ்சைப் பிரித்துத் தூசி நீக்கும் ப்ளோ ரூமில் வேலை. நெஞ்சு இறுகி வீசிங் வந்தபோது நெபுலைசர் வைத்தார்கள். இரைப்பு குறைந்தது, ஆனால் எண் 94-லிருந்து 91-க்கு இறங்கியது. மருந்து தவறா?
(வாசகர், பல்லடம்)

ப: மருந்து சரி. நெபுலைசரில் வைக்கும் சால்பூட்டமால் மூச்சுக்குழாயோடு ரத்தக்குழாயையும் கொஞ்சம் விரிக்கும். இன்னும் காற்று திறக்காத இடத்துக்கு ரத்தம் முந்திக்கொள்வதால் எண் தற்காலிகமாக இறங்கலாம், பெரும்பாலும் விரைவில் சரியாகும். கடுமையான இரைப்பில் நெபுலைசரை ஆக்சிஜனில் ஓட்டுவது இதற்காகத்தான். வார விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாளில் இறுக்கம் அதிகமா என்று கவனியுங்கள். அப்படியென்றால் பஞ்சுத் தூசி நோயாக இருக்கலாம், ஊதும் பரிசோதனை செய்து பார்க்க வேண்டும்.

கே: கோவையில் 98 காட்டும் மீட்டர் ஊட்டியில் 94 காட்டுகிறது. பழுதா?
(வாசகி, காரமடை)

ப: பழுதில்லை. 2,240 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குதான். நல்ல உடம்புக்கு 94 பயப்படும் எண் அல்ல. ஆனால் அங்கே எல்லா அறைகளிலும் ஆக்சிஜன் குறைவதால் எல்லா மடையும் கொஞ்சம் சுருங்கும், இதயத்தின் வலது பக்கம் கூடுதலாக உந்த வேண்டியிருக்கும். ஏற்கெனவே நுரையீரல் ரத்த அழுத்தம் உள்ளவர்கள் மலையேறும் முன் மருத்துவரைப் பாருங்கள்.

கே: கால் முறிந்து 5 வாரம் மாவுக்கட்டில் இருந்த என் தம்பிக்குத் திடீரென்று மூச்சு வாங்குகிறது, மூச்சை இழுத்தால் நெஞ்சு குத்துகிறது. எக்ஸ்ரே சுத்தம் என்றார்கள். வெறும் பயம்தானா?
(வாசகர், தாராபுரம்)

ப: பயம் என்று விட்டுவிடாதீர்கள். அசையாத காலில் உறைந்த ரத்தக்கட்டி நுரையீரல் குழாயை அடைத்திருக்கலாம். இது நிமோனியாவுக்கு எதிர்ப்பக்கம்: காற்று தாராளமாகப் போகிறது, ரத்தம் வரவில்லை. அங்கே விடும் மூச்சு முழுக்க வீண். தடைபட்ட ரத்தம் மற்ற அறைகளில் நெரிவதால் அங்கும் காற்று பற்றாமல் போகிறது. காற்றறைகள் கெடாததால் எக்ஸ்ரே சுத்தமாகவே இருக்கலாம். ரத்தக்குழாயில் சாயமருந்து செலுத்தி எடுக்கும் சி.டி. ஆஞ்சியோ ஸ்கேனில் கட்டி தெரியும். சாயமருந்து ஒத்துக்கொள்ளாதவர்களுக்குக் காற்றோட்டத்தையும் ரத்த ஓட்டத்தையும் தனித்தனியே படமெடுத்து ஒப்பிடும் ஸ்கேன் உண்டு. காற்று தெரிந்து ரத்தம் தெரியாத இடம்தான் அடைப்பு.

இந்தக் கடிதம் வந்தவுடனேயே உங்களைத் தொலைபேசியில் அழைத்து, அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டோம். இதே நிலையில் இருப்பவர்கள் நாளை பார்க்கலாம் என்று இருக்க வேண்டாம். கெண்டைக்கால் ஒரு பக்கம் மட்டும் வீங்கி வலித்தால் எண்ணெய் போட்டு நீவி விடாதீர்கள், கட்டி பெயர்ந்து மேலே போய்விடலாம்.