மலையாளப் பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கு வீட்டில் தமிழ் எழுத்து

கேரளத்தில், பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்திலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார். மகளுக்கு ஆறு வயது, மலையாள மீடியத்தில் ஒன்றாம் வகுப்பு. வீட்டில் பேச்சு தமிழ்தான். எழுதவும் வரவேண்டும் என்று தினமும் சாயங்காலம் இரண்டு பக்கம் பார்த்து எழுத வைக்கிறார். "முதல் நாலு வரி பரவாயில்லை. அப்புறம் கோழி கிளறின மாதிரி ஆகி, அழுகையில் முடிகிறது. மரம் எழுதச் சொன்னால் கடைசியில் ஒரு சின்ன வட்டம் போட்டு வைக்கிறாள். இரண்டையும் சேர்த்துப் பழக்கினால் மலையாளக் கையெழுத்தும் கெட்டுப்போகும் என்கிறார் என் மாமியார். நிறுத்திவிடட்டுமா?"

நிறுத்த வேண்டாம். அந்த இரண்டு பக்கத்தை மட்டும் நிறுத்துங்கள்.

முதலில் அந்த வட்டம். உங்கள் மகள் அதை வாய்க்கு வந்தபடி போடவில்லை. மலையாளத்தில் மரம் எழுதினால் கடைசி 'ம்' ஒலிக்கு ஒரு சின்ன வட்டம்தான், அனுஸ்வாரம். பள்ளியில் டீச்சர் சொல்லிக்கொடுத்ததை அவள் தமிழில் கொண்டுவந்து வைக்கிறாள். புள்ளி விட்டுப்போவதும் பெரும்பாலும் இப்படித்தான். ன், ர், ல், ள், ண் ஆகியவற்றுக்கு மலையாளத்தில் சில்லு என்று தனி எழுத்தே உண்டு, தலையில் எதுவும் வைக்க வேண்டாம். அதனால் 'பால்' எழுதும்போது லகரத்தோடு கை நின்றுவிடும். இதற்கெல்லாம் திட்டினால் பிள்ளைக்கு என்ன தப்பு என்றே புரியாது. "அங்கே வட்டம், இங்கே மகரமும் மேலே புள்ளியும்" என்று சொன்னால் புரியும். எழுத்தை எழுதியவுடனே புள்ளி வைக்கப் பழக்குங்கள். வார்த்தை முழுவதும் எழுதிவிட்டுக் கடைசியில் வைக்கலாம் என்று விட்டால் இரண்டில் ஒன்று மறந்துபோகும்.

மாமியார் சொல்வதற்கு ஒரு வார்த்தை. பாலக்காட்டுச் சித்தூரிலும் இடுக்கியின் தேவிகுளம், பீருமேடு பக்கமும் தமிழ் வழிப் பள்ளிகளில் படிக்கிற பிள்ளைகள் மலையாளமும் எழுதிக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஒரு லிபி இன்னொன்றைக் கெடுப்பதில்லை. இரண்டையும் ஒரே நேரத்தில், ஒரே நோட்டில் போட்டால்தான் குழப்பம் வரும். தமிழுக்குத் தனி நோட்டு, தனி நேரம். பள்ளி வீட்டுப்பாடம் முடித்த கையோடு தமிழுக்கு உட்கார வைக்காதீர்கள். நடுவில் ஒரு அரை மணி நேரம் அவள் ஓடியாடிவிட்டு வரட்டும்.

இனி, முதல் நாலு வரி நன்றாக வந்து பிறகு கெடுவது. அது சோம்பேறித்தனம் இல்லை, கை ஓய்ந்துபோகிறது. மணிக்கட்டில் எட்டுச் சிறு எலும்புகள் உண்டு. பிறக்கும்போது அவை குருத்தெலும்புதான். ஒவ்வொன்றாக எலும்பாகி முடிய எட்டுப் பத்து வயதைத் தாண்டிவிடும். விரல் தசைகளும் இப்போதுதான் உரம் ஏறிக்கொண்டிருக்கின்றன. ஆறு வயதுக்குப் பத்து நிமிடம் போதும். அதிலும் ஐந்தாவது வரியிலிருந்து அவள் பழகுவது கோணல் எழுத்தைத்தான். ஒரு எழுத்தை ஒரு வரியில் ஐந்தாறு முறை எழுதச் சொல்லுங்கள். "இதிலே எது அழகா இருக்கு?" என்று கேட்டு, அவளையே அதைச் சுழிக்கச் சொல்லுங்கள். பிள்ளைகள் இதில் நம்மைவிடக் கறாரானவர்கள்.

அவள் எழுதும்போது நீங்கள் நோட்டைப் பார்க்காமல் கையைப் பாருங்கள். எங்கே தொடங்குகிறாள், எந்தப் பக்கம் போகிறாள் என்பதுதான் விஷயம். ட எழுதி முடித்த பிறகு பார்த்தால் நேராகத்தான் இருக்கும். ஆனால் கீழ்க்கோட்டை முதலில் போட்டுவிட்டு, பிறகு மேல்நோக்கி இழுத்திருப்பாள். இன்றைக்கு அது தெரியாது. வேகமாக எழுத வேண்டிய மூன்றாம் வகுப்பில் தெரியும். பார்த்து எழுதும் நோட்டு இதைச் சொல்லிக்கொடுக்காது. நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து, வாயால் சொல்லிக்கொண்டே மெதுவாக எழுதிக் காட்ட வேண்டும்: "இறங்கு, வலப்பக்கம் போ, நில்லு."

அ, ஆ என்று வரிசையாகத் தொடங்காதீர்கள். பாட்டாகச் சொல்ல அந்த வரிசை நல்லது. கைக்கு மட்டும் அகரம் கடினமான எழுத்து. கைக்கு எளிது ட. அதையே மேலே ஏற்றினால் ப. ப-வின் வலது முனையை உள்பக்கம் வளைத்து இறக்கினால் ம. இந்த மூன்றை வைத்தே படம், மடம், பட்டம், மட்டம் எல்லாம் எழுதலாம். எல்லாம் மகர ஒற்றில் முடிகிறதா? வட்டப் பிரச்சினைக்கும் அங்கேயே மருந்து. இந்த மூன்றும் மலையாளக் கைக்குப் புதிதும்கூட. மலையாள எழுத்துகள் பெரும்பாலும் வளைவும் சுழியுமாக ஓடுபவை. அதனால் ப-வின் மூலைகளை உருட்டி எழுதப் பார்ப்பாள். இடது பக்கம் ஒரு சுழியும் சேர்ப்பாள், மலையாளப் பகரத்துக்கு அது உண்டு. சேர்த்தால் நம் வகரம் மாதிரி ஆகிவிடும். மூலையில் ஒரு நொடி நின்று திரும்பச் சொல்லுங்கள். அடுத்து ய, ர, ல, வ. பிறகு க, ச, த மூன்றையும் ஒன்றாக. ஞ, ங இரண்டுக்கும் அவசரமே இல்லை.

உண்மையில் கஷ்டம் வரப்போவது உகரத்தில். 1971 இல் கேரளத்தில் லிபியைச் சீர்திருத்தியபோது உகரக் குறியை எழுத்திலிருந்து பிரித்தார்கள். பாடநூல்களில் எந்த எழுத்தானாலும் பக்கத்தில் அதே குறி. தமிழில் அப்படி இல்லை. பு, சு, வு, யு எல்லாம் ஒரு கோடு கீழே இறங்கும் கூட்டம். மு, டு, ரு, ளு, ழு வளைந்து சுற்றும் கூட்டம். து, நு, று, லு, ணு, னு அடியிலிருந்து வலப்பக்கம் நீண்டு ஏறும். கு யாரோடும் சேராது. இந்தக் கூட்டம் கூட்டமாகவே சொல்லிக்கொடுங்கள். கு, ஙு, சு என்று நெடுவரிசையில் போனால் ஒவ்வொன்றும் புதுப் பாடமாகத் தெரியும். ஒரு கூட்டம் கைவந்த பிறகு அடுத்தது. எகர, ஏகாரக் கொம்புகளுக்கு நீங்கள் மெனக்கெடவே வேண்டாம். மலையாளத்திலும் அவை எழுத்துக்கு இடப்பக்கம்தான், பிள்ளை தானாகப் பிடித்துக்கொள்வாள்.

வீட்டில் அப்புச்சி (தாத்தா) எழுதிக் காட்டுகிறாரா என்று பாருங்கள். பழைய ஆட்கள் லை, ளை, ணை, னை எழுத்துகளை மேலே சுழித்துச் சேர்த்து எழுதுவார்கள், ணா, றா, னா-வையும் காலைத் தனியே போடாமல் சேர்த்தே எழுதுவார்கள். தமிழ்நாட்டில் 1978 இல் அரசு மாற்றிய எழுத்துகள் அவை. அவர் எழுதட்டும், பிள்ளை படிக்கத் தெரிந்துகொள்ளட்டும். எழுதுவது மட்டும் புத்தகத்தில் உள்ளபடி. புத்தகத்துக்கு எங்கும் அலைய வேண்டாம். தமிழ் வழிப் பள்ளிகளுக்குக் கேரள எஸ்.சி.இ.ஆர்.டி. (பாடநூல் தயாரிக்கும் அரசு நிறுவனம்) வெளியிடும் ஒன்றாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகமே போதும்.

எதில் எழுதுவது? புது எழுத்து என்றால் முதலில் தட்டில் மணல் அல்லது ரவை, ஆள்காட்டி விரலால். சென்னை எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், நம் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைப் பார்த்துத் தன் பள்ளியிலும் கொண்டுவந்தார். 1797 இல் லண்டனில் அதை எழுதி வெளியிட்டார். நாம்தான் விஜயதசமி அன்று அரிசியில் ஒரு தடவை எழுத வைத்துவிட்டு மறந்துவிடுகிறோம். மணலுக்கு அப்புறம் சிலேட்டு. சாக்பீஸை ஒரு அங்குலத்துக்கு உடைத்துக் கொடுங்கள். முழுசாகக் கொடுத்தால் முஷ்டியில் பிடிப்பாள், துண்டை மூன்று விரலால் தவிரப் பிடிக்க முடியாது. பென்சிலும் பாதி தேய்ந்ததே நல்லது. நோட்டு என்றால் முதலில் பெரிய கட்டம் போட்டது, பிறகு இரட்டைக் கோடு. அதிலும் ஒரு வரி விட்டு ஒரு வரி எழுதட்டும். இகரச் சுழி மேலே ஏறவும் உகரம் கீழே இறங்கவும் இடம் வேண்டும். ஆங்கில நாலு கோடு நோட்டு தமிழுக்கு ஒத்துவராது.

கால் தொங்காமல் தரையிலோ ஒரு பலகையிலோ ஊன்றியிருக்கட்டும். இடது கையால் எழுதினால் மாற்றாதீர்கள், நோட்டின் தலைப்பகுதியை வலப்பக்கம் சற்றுச் சாய்த்து வையுங்கள். எழுத்தைத் தலைகீழாகவோ திருப்பியோ எழுதுவது ஆறு வயதில் சகஜம். எட்டு வயதிலும் அது குறையாமல் இருந்தால், பத்தே நிமிடத்தில் கை வலிக்கிறது என்று எப்போதும் சொன்னால், பட்டன் போடவும் கத்தரிக்கோல் பிடிக்கவும்கூடத் திணறினால், முதலில் கண் பரிசோதனை. கண்ணில் குறை இல்லை என்றால் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள், தேவைப்பட்டால் அவர் ஆக்குபேஷனல் தெரபிஸ்டிடம், அதாவது இப்படிப்பட்ட அன்றாடக் கைவேலைகளுக்குப் பயிற்சி தருபவரிடம், அனுப்புவார்.