குற்றவியல் வேறு, குற்றவியல் நீதி வேறு என்கிறார்களே, என்ன வித்தியாசம்?

கேள்வி கேட்டவர் இவற்றைப் பாடமாக எடுக்கப் போகிறாராம், வரைவிலக்கணம் எல்லாம் ஒன்றுபோலவே தெரிகிறதாம். நான் விரிவுரையாளர் இல்லை. திருகோணமலையில் ஒரு சட்டத்தரணியிடம் 11 வருடமாகக் கிளார்க். எனக்கு இது விளங்கினது மாமாவின் இஞ்சின் களவுபோன பிறகுதான்.

மார்கழி மாதம், வாடைக் காற்று. இரண்டு நாள் கடல் அடங்கிக் கிடக்க மாமா போட்டை இறக்கினார். கரைக்கு வரும்போது முதுகுப் பிடிப்பு. மற்ற நாளென்றால் 15 எச்பி இஞ்சினைக் கழற்றித் தோளில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவார். அது 35 கிலோவுக்கு மேல் வரும். அன்று படங்கால் மூடிக் கட்டிவிட்டு வந்துவிட்டார். விடியப் போய்ப் பார்த்தால் படங்கு மட்டும் கிடக்கிறது. மத்தியானம் ஒரு சின்னப் பெடியன் கண்டுபிடித்தான்: ஐம்பது யார் தூரம் தள்ளித் தாழம்பற்றைக்குள் இஞ்சின், மேலே இரண்டு உரச் சாக்கு. இரவைக்கு வந்து ஏற்றலாமென்று வைத்திருக்கிறார்கள்.

"கிடைச்சிட்டுதுதானே, பிறகென்ன களவு?" என்றார் மாமி.

சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவைதான் திருத்தங்களோடு இன்றும் நம்மை ஆள்கிறது. அதன் 366ஆம் பிரிவின்படி, இன்னொருவரிடம் இருக்கும் அசையும் பொருளை அவர் சம்மதமில்லாமல், நேர்மையீனமாக எடுக்கும் எண்ணத்தோடு நகர்த்தினாலே களவு முடிந்துவிட்டது. விற்கவும் வேண்டாம், ஊரைத் தாண்டவும் வேண்டாம். அதே இஞ்சினை என் மச்சான், மழை வருகிறதென்று தூக்கிப்போய் அதே பற்றைக்குள் அதே சாக்கால் மூடி வைத்திருந்தால் அது களவில்லை. இரண்டு பேரின் கையும் செய்தது ஒன்றுதான், மனதில் இருந்ததுதான் வேறு. குற்றம் என்றால் இந்த இரண்டையும் தேடிப் பார்க்க வேண்டும்.

முறைப்பாடு, விசாரணை, கைது, 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் நிறுத்துவது, பிணை அல்லது விளக்கமறியல், தீர்ப்பு, தண்டனை என்று பிறகு வருகிற ஒழுங்கு எல்லாம் குற்றவியல் நீதி. இதில் ஆட்களுக்குச் சீரணிக்காத ஒரு விஷயம் உண்டு. மாமா "என்ர வழக்கு, என்ர வழக்கு" என்றுகொண்டு திரிந்தார். வழக்கு வந்தால் அதைக் கொண்டுபோவது அரசு, நீங்கள் சாட்சி மட்டும்தான் என்று சொன்னேன். "இஞ்சின் என்ரை, வழக்கு அவையின்ரையோ?" என்று இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை.

குற்றவியல் கேட்பது வேறு கேள்வி: ஏன் அந்தக் கரை, ஏன் அந்த இரவு? 1979இல் கோஹன், ஃபெல்சன் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் சொன்னது எனக்கு நல்லாப் பிடிக்கும். செய்யத் துணிந்த ஒருவன், கைக்கு எட்டிய பொருள், காக்க ஆளில்லாத நேரம், மூன்றும் ஓரிடத்தில் கூடினால் குற்றம் நடக்கும். கச்சான் காற்றுக் காலத்தில் வாடிகளில், அதாவது கரையில் இருக்கும் மீனவர் கொட்டில்களில், ஆட்கள் படுப்பார்கள், யாரோ ஒரு கிழவர் இருமிக்கொண்டு முழித்திருப்பார். மார்கழியில் வாடி வெறுமை. காவல் என்றால் பொலிஸ் என்று நினைக்க வேண்டாம், அந்த இருமலும் காவல்தான்.

ஊருக்கு இந்தப் பொறுமை இல்லை. முன்பு ஒரு சைக்கிள் களவில் பெயர் அடிபட்ட பெடியன் ஒருவன் இருந்தான். "அவன்தான்" என்று பொழுதுபடுவதற்குள் முடிவாகிவிட்டது. பார்த்தவர் இல்லை, தடயம் இல்லை. மச்சான் போய் அவன் கன்னத்தில் அறைந்துவிட்டு வந்தான். அதற்குப் பிறகு அந்தப் பெடியனை ஒருவரும் தொழிலுக்கு ஏற்றவில்லை. இதைக் குற்றவியலில் முத்திரை குத்தல் என்பார்கள்: கள்ளன் என்று சொல்லிச் சொல்லியே, கள்ளனாவதைத் தவிர வேறு வழி இல்லாமல் ஆக்கிவிடுவது.

இஞ்சின் எடுத்தவன் பிடிபடவே இல்லை. அந்தச் சம்பவத்தில் கடைசிவரை போனது மச்சான் கன்னத்தில் அறைந்தது ஒன்றுதான். இச்சாபூர்வமாகக் (வேண்டுமென்றே) காயம் விளைத்தல் என்று, இரண்டு பக்கத்தையும் இருத்திச் சமாதானம் பேசுகிற இணக்கசபைக்குப் போனது. அந்தச் சபை 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தில் வந்தது. அங்கே சட்டத்தரணிகள் ஆஜராக முடியாது, அதனால் எங்கள் சட்டத்தரணி ஐயாவுக்கும் வேலை இல்லை. சனிக்கிழமை ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில், பிள்ளைகளின் சின்னக் கதிரைகளில் மூன்று மத்தியஸ்தர்கள். மச்சான் மன்னிப்புக் கேட்டான். பெடியன் தலையாட்டினான், நிமிர்ந்து பார்க்கவில்லை.

பிறகு கரையில் எல்லாரும் காசு போட்டு ஒரு பெரிய லைட் பூட்டினோம். எங்கள் பக்கம் இஞ்சின் போகவில்லை. வடக்கே அடுத்த கரையில் அடுத்த வாடைக்கு இரண்டு போனது. இதற்கும் பாடத்தில் ஒரு பெயர் இருக்கிறது: குற்ற இடப்பெயர்வு. மாமாவிடம் சொன்னேன். "அவையும் லைட் பூட்டட்டும்" என்றார்.