தத்து ஆணை இப்போது கலெக்டர் கையில்: சில கேள்விகள், பதில்கள்

தத்து மையமொன்றில் பல வருடம் சமூகப் பணியாளராக இருந்தவள் நான். புதிய சட்டத் திருத்தங்கள் பற்றிக் கேட்டிருந்தீர்கள். தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி: மேடம், எங்களுக்குக் குழந்தை ஒதுக்கிவிட்டார்கள். இனி கோர்ட்டுக்கு அலைய வேண்டுமா?

பதில்: வேண்டாம். சிறார் நீதிச் சட்டத்தை 2021இல் திருத்தினார்கள். 2022 செப்டம்பர் முதல் தத்து ஆணை தருபவர் மாவட்ட ஆட்சியர்தான், அதுவும் இரண்டு மாதத்துக்குள். முன்பெல்லாம் வாய்தா மேல் வாய்தா. கைக்குழந்தையாகத் தூக்கி வந்தது நடை பழகிய பிறகே ஆணை வந்த வீடு எனக்குத் தெரியும்.

கேள்வி: அக்கா, எனக்கு 41 வயது, கல்யாணம் ஆகவில்லை. ஒரு குழந்தையை வளர்ப்புப் பராமரிப்பில் (தத்தெடுக்காமல் வீட்டில் வைத்து வளர்ப்பது) எடுக்க முடியுமா?

பதில்: தாராளமாக. முன்பு தம்பதிகளுக்கு மட்டும்தான் தந்தார்கள். 2024 வழிகாட்டுதல்படி 35 முதல் 60 வயது வரை தனியாக இருப்பவர்களும் எடுக்கலாம். தனி ஆணுக்கு மட்டும் பெண் குழந்தையைத் தர மாட்டார்கள். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விசாரியுங்கள். பெரும்பாலும் ஆறு வயது தாண்டிய பிள்ளைகள்தான் வருவார்கள். சட்டப்படி தத்துக்குத் தகுதியான பிள்ளை என்றால், இரண்டு வருடம் வளர்த்த பிறகு தத்தெடுக்கவே கேட்கலாம். முன்பு ஐந்து வருடம் காத்திருக்க வேண்டும். இந்த ஒரு மாற்றத்துக்காக நான் அவ்வளவு ஏங்கியிருக்கிறேன்.

ஒன்று சொல்கிறேன். எட்டு வயதுப் பெண் ஒருத்தி, வந்த வீட்டில் முதல் வாரம் முழுக்கத் துணிப்பையைப் பிரிக்கவே விடவில்லை. தலைமாட்டில் வைத்துத்தான் தூங்கினாள். மிஞ்சிய இட்லியைக் காகிதத்தில் சுற்றி அதற்குள் ஒளித்துவைத்தாள். திட்டாதீர்கள், பையை நீங்களாகப் பிரிக்கவும் வேண்டாம். அவளே ஒருநாள் பிரிப்பாள்.

கேள்வி: தெரிந்த நர்ஸ் ஒருவர், பத்திரத்தில் எழுதிக் குழந்தை வாங்கித் தருவதாகச் சொல்கிறார். பரவாயில்லையா?

பதில்: ஐயோ, வேண்டவே வேண்டாம். காசு கொடுத்து வாங்கினால் அது விற்பனை. ஐந்து வருடம் வரை கடுங்காவல், ஒரு லட்சம் அபராதம். குழந்தையையும் மீட்டுக்கொண்டு போய்விடுவார்கள். தத்து விஷயங்களைக் கவனிக்கும் மத்திய அரசு அமைப்பான காராவின் (CARA) இணையதளத்தில் பதிவு செய்யுங்கள். அந்த நர்ஸ் பற்றி 1098க்கு, அதாவது குழந்தைகள் உதவி எண்ணுக்குச் சொல்லுங்கள்.

கேள்வி: ஏற்கெனவே இரண்டு பிள்ளைகள் உண்டு. தத்தெடுக்கலாமா?

பதில்: சிறப்புத் தேவையுள்ள குழந்தை, யாரும் எடுக்க முன்வராத குழந்தை என்றால் எடுக்கலாம்.

கேள்வி: எங்கள் வீட்டில் வேலை செய்யும் அம்மாவின் மகள், பிரசவமானதும் குழந்தைகள் நலக் குழுவிடம் குழந்தையை எழுதிக் கொடுத்துவிட்டாள். நாற்பது நாள் ஆகிறது. இப்போது அழுகிறாள். திரும்பக் கிடைக்குமா?

பதில்: மனம் மாறினால் திரும்பக் கேட்க 60 நாள் அவகாசம் உண்டு. அவளுக்கு இன்னும் இருபது நாள் இருக்கிறது, ஆனால் தள்ளிப்போடாதீர்கள். ஒப்படைத்தபோது கொடுத்த காகிதத்தை எடுத்துக்கொண்டு, நாளைக் காலையிலேயே அந்தக் குழுவிடம் நீங்களும் கூடப் போங்கள்.