கொக்கு கொட்டாவி விட்டது

அன்புள்ள ஐயா,

மலேசியாவின் சுங்கை சிப்பூட்டிலிருந்து எழுதுகிறேன். பாலர் பள்ளியில் 21 வருடம் பிள்ளைகளோடு இருந்தவள். ஓய்வு பெற்றபின் 12 கதைகள் எழுதியிருக்கிறேன். நானே அச்சடித்து, சந்தையிலும் கோயில் திருவிழாவிலும் மேசை போட்டு விற்க ஆசை. புத்தகத்துக்கான அடையாள எண், அதுதான் ஐ.எஸ்.பி.என்., அதை எங்கே வாங்குவது? எத்தனை பிரதி, என்ன விலை? கதை முடிவில் நீதி வைக்கலாமா? எழுதுவது, விற்பது, தாய்மாரிடம் வாசித்துக் காட்டச் சொல்வது, இந்த மூன்றையும் ஒரே ஆளால் செய்ய முடியுமா? ஆயிரம் வெள்ளிக்குக் கைப்பேசி வாங்குகிறவர்கள் பத்து வெள்ளிப் புத்தகத்துக்கு யோசிக்கிறார்களே, ஏன்? முதல் கதையின் முதல் வரி இது: “காலையில் கோழி கொக்கரித்தது, கொய்யா மரத்தில் கொக்கு கொட்டாவி விட்டது.”

ச., சுங்கை சிப்பூட்

அன்புள்ள டீச்சர்,

கணக்கு வழக்கை முதலில் முடித்துவிடுவோம். ஐ.எஸ்.பி.என். தருவது மலேசியத் தேசிய நூலகம். 1986ஆம் ஆண்டுச் சட்டப்படி 5 பிரதிகளை அங்கே ஒப்படைக்க வேண்டும், அதையும் சேர்த்தே அச்சடியுங்கள். 300 பிரதி போதும். நம் ஊர் ஈரத்துக்குக் கட்டிலடியில் கிடக்கும் பெட்டி பூஞ்சை பிடித்துவிடும், தைத்த கம்பி துருவேறி நடுப்பக்கத்தில் கறை விடும். விலையா? அச்சுச் செலவு பிரதிக்கு 3 வெள்ளி, விலை 10 வெள்ளி என்று வையுங்கள். கடைக்காரர் 40 விழுக்காடு கழிவு கேட்டால் 4 வெள்ளி போயிற்று. மிஞ்சும் 3 வெள்ளியில் ஓவியரும் நீங்களும் காருக்கு எண்ணெயும். அதனால் மேசையே மேல். நீதி வேண்டாம். அதைப் பற்றிப் பேச எனக்குப் பொறுமையும் இல்லை.

கைப்பேசிப் பேச்சை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். தோட்டத்தை விட்டு வந்து தாமான் என்கிற வீடமைப்புப் பகுதியில் வாடகைக்கு இருந்துகொண்டு, தொழிற்சாலையில் இரவு ஷிப்ட் பார்க்கிற பெண்ணைக் குறை சொல்லி யாரும் ஒரு புத்தகமும் விற்றதில்லை. அவள் உங்கள் மேசையில் ஒரு புத்தகத்தைத் திறந்து பார்க்கிறாள். இதை நான் வாசித்துக் காட்டுவதா, பிள்ளையே எழுத்துக்கூட்டிப் படிப்பதா? அட்டை சொல்வதில்லை, உள்ளே இருப்பதும் சொல்வதில்லை. வைத்துவிட்டுப் போகிறாள். தப்பு புத்தகத்தில் இருக்கிறது, டீச்சர்.

உங்கள் கடிதம் வருவதற்கு முன்பே என் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது இதுதான். காதுக்கு ஒரு புத்தகம், கண்ணுக்கு ஒரு புத்தகம். நாம் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறோம்.

உங்கள் கொக்கு காதுக்குப் பிறந்தது. மடியில் கிடக்கும் பிள்ளைக்கு அந்தக் ‘கொ’வின் அடுக்கு தாளம் போல விழும். எத்தனை அருமையான வரி! ஆனால் அதையே ஆறு வயதுப் பிள்ளையின் கையில் கொடுத்துப் ‘படி’ என்று சொல்லிப் பாருங்கள். இருப்பது 8 சொல். அதில் 6 சொல்லில் எழுத்துக்கு இடப்பக்கம் ஒரு குறி நிற்கிறது. வாய் ‘க்’கை முதலில் சொல்கிறது, ‘ஒ’வைப் பிறகு. தாளிலோ கொம்பு முதலில், க நடுவில், கால் கடைசியில். கண் கொம்பைத் தாண்டி எழுத்தைப் பிடித்து, திரும்பி வந்து கொம்பைச் சேர்த்து, மறுபடி ஓடிக் காலையும் பார்க்க வேண்டும். காலைக் கவனிக்காத பிள்ளைக்குக் ‘கொடி’ ‘கெடி’ ஆகும். கொம்பைத் தாண்டிவிட்ட பிள்ளைக்குக் ‘காடி’ ஆகும். பிள்ளை மக்கு இல்லை, இடமிருந்து வலமாகப் படி என்று நாம் சொல்லிக்கொடுத்ததை ஒழுங்காகச் செய்கிறது.

கண்ணுக்கான முதல் புத்தகத்தில் உயிர், அகர எழுத்து, மெய், துணைக்கால், இவ்வளவுதான் இருக்க வேண்டும். அம்மா, அப்பா, தாத்தா, மாமா, பால், மரம், பழம், காகம், நாய், வா, தா, பார். பாட்டி வடை சுட்ட கதையில் பாட்டிக்கும் வடைக்கும் நரிக்கும் இங்கே இடமில்லை. காகமும் பழமும் நாயும் இருந்தால் கதை ஓடும்: ‘காகம் பார். பழம் பார். நாய் பார். “பாட வா!” “கா!”’ மிச்சத்தை ஓவியர் சொல்லிவிடுவார்.

இரண்டாவதில் இகரமும் ஈகாரமும் வரட்டும். பாட்டி, நரி, எலி, மீன் எல்லாரும் வந்துவிடுவார்கள். மூன்றாவதில் உகரம். அதை அள்ளிக் கொட்டாதீர்கள். கு, டு, து, பு நான்கும் நான்கு விதமாக வளைகின்றன. ஒரே குறியை ஒட்டினால் போதும் என்று பழகிய பிள்ளை இங்கே ஏமாந்து நிற்கும். ஆடு, மாடு, வீடு என்று ‘டு’வில் தொடங்கிப் பிறகு ‘து’வுக்குப் போங்கள். நான்காவதில்தான் கொம்பு, அதிலும் ெ, ே, ை முடிந்த பிறகே ொ, ோ. பூனையும் யானையும் கோழியும் அதுவரை வாசலில் நிற்கட்டும். 247 எழுத்தையும் அட்டையில் அடித்துச் சுவரில் மாட்டுவதால் இந்த வேலை நடக்காது.

அச்சகத்திலும் கவனம். பல எழுத்துருக்களில் துணைக்காலும் ‘ர’வும் ஒரே அச்சு, ‘ர’வுக்குக் கீழே சாய்ந்த கால் தெரிகிற எழுத்துருவைக் கேட்டு வாங்குங்கள். 24 புள்ளி அளவு, பக்கத்துக்கு இரண்டு வரிக்கு மேல் வேண்டாம், சொல்லை வரியோரத்தில் உடைக்க வேண்டாம். கம்பி தைக்கும் புத்தகத்தில் பக்கங்கள் நான்கின் மடங்காக வரவேண்டும், 16 போதும். தமிழைச் சரியாகக் கையாளாத மென்பொருளில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும், அல்லது வெறும் புள்ளி வட்டத்தில் தொங்கும். ப்ரூஃபை, அதாவது சரிபார்க்கத் தரும் மாதிரி அச்சை, கையில் வாங்கிப் பார்க்காமல் அச்சடிக்கச் சொல்லாதீர்கள்.

காதுக்கான புத்தகத்துக்கு இந்தக் கட்டெல்லாம் இல்லை. நீங்கள் ‘கொட்டாவி விட்டது’ என்று எழுதுங்கள். தாய் ‘விட்டுச்சு’ என்று வாசித்தால் திருத்தாதீர்கள். பிள்ளை பேச ஆரம்பிக்கட்டும் என்றும் காத்திருக்க வேண்டாம். 1992இல் இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில், குழந்தைகளுக்கு இலவசமாகப் புத்தகம் கொடுக்கும் ‘புக்ஸ்டார்ட்’ திட்டம் தொடங்கியபோது புத்தகப் பை போனது 300 கைக்குழந்தைகளுக்கு. கொண்டுபோய்க் கொடுத்தவர்களில் வீடு தேடிச் செல்லும் சுகாதாரப் பணியாளர்களும் உண்டு. நம் கிளினிக்கில் 9 மாதத் தடுப்பூசிக்கு வரிசையில் காத்திருக்கும் தாய்மாரை நினைத்துக்கொள்ளுங்கள். அனுமதி கேட்டுப் பாருங்கள்.

மூன்று வேலையும் ஒரே ஆளா என்று கேட்டிருந்தீர்கள். ஒரே ஆள் செய்வதுதான் நல்லது. பிள்ளையின் விரல் எந்தச் சொல்லில் நின்றுவிடுகிறது என்பது மேசைக்குப் பின்னால் நிற்பவருக்குத்தான் தெரியும்.

12 கதையில் எது காதுக்கு, எது கண்ணுக்கு என்று பிரித்து அட்டையிலேயே பெரிதாகப் போடுங்கள். கொக்கின் மேல் கை வைக்காதீர்கள். அச்சகத்துக்குப் போகும்போது ‘மாமரம்’ என்ற ஒரு சொல்லை மட்டும் அடித்து வாங்கி, பக்கத்து வீட்டு ஆறு வயதுப் பிள்ளையிடம் காட்டுங்கள். ‘மாமாம்’ என்று படித்தால் எழுத்துருவை மாற்றுங்கள்.